டவருக்கும் வேணும் ஒரு ஓவர்சியர்

மருமோனே, "மாமா, இனிமே டவருக்கு ஆளு தேவையில்ல, எல்லாம் அதுவே பாத்துக்கிடும்"னு நீ டெக்னோபார்க்கு ஏசியில இருந்துக்கிட்டு சொன்னத நான் மறக்கல. கொள்ளாம். அதுவே பாத்துக்கிடும்னு விட்ட காரியங்க இந்த ஆரியங்கோட்டில என்ன கதிக்கு வந்துதுன்னு உனக்க அம்மைக்கு நல்லாட்டுத் தெரியும். அவளுக்க அண்ணன் நானே அதுக்கு முதல் சாட்சியாக்கும்.

நீ பெரிய படிப்பு படிச்சவன். நான் தொலைபேசி இலாகாவில லைன்மேனா போஸ்டு ஏறி, கம்பி இழுத்து, பென்சன் வாங்கினவன். உனக்க பாசை எனக்கு முழுசா வராது. ஆனா கம்பியானாலும் காத்தானாலும், ஒரே திருகில ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் திருகினா, அந்த நேரத்தில பேசிக்கிட்டிருக்கவனுக்குத்தான் கேடு. இது உனக்க புத்தகத்திலயும் எழுதியிருக்கும், கொஞ்சம் நீட்டி எழுதியிருப்பான்.

கேரளத்தில முதல் மொபைல் பேச்சு 1996 செப்டம்பர் 17ல நடந்துது. கொச்சியில இருந்து பேசினது தகழி சிவசங்கரப் பிள்ளை. அந்தப் பக்கம் தெற்குக் கடற்படைத் தலைவரு ஏ. ஆர். டாண்டன். செம்மீன் எழுதின மனுசனையும் கடற்படைக்காரனையும் சேத்து வச்சு கடலுக்கு ரெண்டு பக்கமும் மரியாதை பண்ணிட்டான் மொபைல் கம்பனி எஸ்கோட்டல்காரன். அண்ணைக்கு டவரும் கொஞ்சம், போனும் கொஞ்சம். எந்த டவரு எந்தப் பக்கம் பாக்குது, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு ஒரு இஞ்சினியரு நோட்டுப் புத்தகத்தில எழுதி வச்சுக்கிடலாம்.

பிறகு டவரு பெருகிச்சு. ஒரே கம்பனிக்கு 2ஜி ஒரு அடுக்கு, 3ஜி ஒரு அடுக்கு, 4ஜியில மூணு நாலு அலைவரிசைன்னு ஆச்சு. அப்போ உங்க ஆளுக டிரைவ் டெஸ்டுன்னு காரெடுத்துக்கிட்டு வருவானுவ. மடியில லேப்டாப்பு, டாஷ்போர்டில நாலு போனு, வெள்ளறடையில இருந்து பாறசாலை வரைக்கும் ஊர்ந்து போவானுவ. சாயக்கடையில எறங்கினவன்கிட்ட "என்ன பிள்ளே தேடுதிய?"ன்னு ஒருக்கா கேட்டேன். "சிக்னல் பாட்டா"ன்னான். "நாங்களும் அதத்தான் தேடுதோம், கண்டா சொல்லு"ன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரல, பாவம். அண்ணைக்கு அவன் எண்பது இடத்தில நம்பரு மாத்தணும்னு ஆபீசில சொல்லியிருந்தானாம்.

அந்தப் பாவத்தத் தீர்க்கத்தான் நீங்க இந்தத் தானியங்கி வேலைகளக் கொண்டுவந்தது. அதுல எனக்குத் தகராறே இல்ல. உலகத்துக்கு மொபைல் சட்டம் எழுதுத 3ஜிபிபி கூட்டம் 2008 கடைசியில தந்த எட்டாம் வெளியீட்டில, 4ஜியோட சேத்தே இதுக்கும் பிள்ளையார் சுழி போட்டுது. முதல்ல சின்னச் சின்ன வேலை. டவருக்குப் பக்கத்து டவரு யாருன்னு அதுவே கண்டுபிடிக்கும். எப்படி? உனக்க கையில இருக்க போனு, "எனக்கு இன்னொரு நம்பருக்காரன் சத்தமும் கேக்குது"ன்னு சொல்லும். "அவனுக்க முழு விலாசத்தையும் வாசிச்சுச் சொல்லு"ன்னு டவரு கேக்கும். போனு வாசிச்சுச் சொன்ன உடனே லிஸ்டில ஏறிடும். அந்தச் சின்ன நம்பரு 4ஜியில மொத்தம் 504 தான், 5ஜியில 1008. நாட்டில இருக்க அத்தன டவருக்கும் இந்தக் கொஞ்ச நம்பரத்தான் திருப்பித் திருப்பிக் கொடுக்கணும். பக்கத்துப் பக்கத்தில ஒரே நம்பரு வந்தா போனு திகைச்சுப் போவும். அதையும் அதுவே பாத்து மாத்திக்கிடும். கொள்ளாம், நல்ல வேலை.

அடுத்தடுத்த வெளியீட்டில ஆளுக கூடிச்சு. ஒருத்தன் கூட்டத்தப் பங்கு வைப்பான். இன்னொருத்தன் பேச்சு ஒரு டவருல இருந்து மறு டவருக்குக் கைமாறும்போது அறுந்து போவாம பாப்பான். ராத்திரி கரண்டு மிச்சம் பிடிக்க ஒருத்தன். ஏதாவது டவரு செத்துப்போச்சுன்னா அக்கம்பக்கத்துக்காரன எட்டிப் பாக்கச் சொல்ல ஒருத்தன். ஆன்டெனாவ மோட்டாரு வச்சு மேலயும் கீழயும் சாய்க்க வேற ஒருத்தன். எல்லாவனும் நல்லவன், சொன்ன வேலையச் செய்யுதவன். எனக்குப் பயமே அதிலதான் மருமோனே. மடியன் நாலு பேரு ஒரு வீட்டில இருந்தா சண்டை வராது.

ஒரு திருவிழா ராத்திரிய எடுத்துக்கோ. மைதானத்துக்கு மேல ஒரு டவரு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக் குன்னுக்கு அந்தப் பக்கம் இன்னொண்ணு. போனுக்குள்ள ஒரு கணக்கு உண்டு: பக்கத்து டவருக்க சத்தம் நம்ம டவர விட இத்தன டெசிபல் கூடுதலா, இத்தன மில்லி செகண்டு விடாம நின்னா, மாறலாம்னு மனு போடணும். அந்த டெசிபலக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்காரனுக்கும் தனித்தனியா ஒரு சலுகை நம்பரு உண்டு. 4ஜியில அது மைனஸ் 24 டெசிபல்ல இருந்து பிளஸ் 24 வரைக்கும் போவும். இந்த ஒத்தத் திருகுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம்.

மைதானத்தில ஆளு நிறைஞ்சாச்சு. வீடியோ அனுப்புதவனும், லைவ் போடுதவனும், பேரப்பிள்ளைக்கு யானையக் காட்டுதவளுமா டவரு மூச்சு முட்டுது. பங்கு வைக்குதவன் வாறான். "ஓரத்தில நிக்கவன் எல்லாம் குன்னுக்கு அந்தப் பக்கத்து டவருக்குப் போ"ன்னு சலுகை நம்பர மூணு டெசிபல் கூட்டுதான். ஓரத்தில நிக்கவன் போறான். அங்க சத்தம் குறைவு, இடையில குன்னும் ரப்பரும். நாலு வார்த்தை பேசினதும் அறுந்துது. அறுந்த போனு திரும்பப் பழைய டவருக்குத்தான் ஓடி வருது.

இப்போ கைமாத்தம் பாக்குதவன் முழிச்சுக்கிட்டான். அவனுக்கு மூணு தீர்ப்புதான் தெரியும்: மாறினது பிந்திப்போச்சு, முந்திப்போச்சு, ஆளு தப்பான வீட்டுக்குப் போயிட்டான். இது முந்திப்போன கேசு. "எவண்டா இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட்டது?"ன்னு கேட்டு, அதே நம்பர மூணு டெசிபல் குறைக்குதான். மைதானத்து டவரு திரும்ப நிறையுது. பங்கு வைக்குதவன் திரும்பவும் கூட்டுதான். இவன் குறைக்குதான். அவன் கூட்டுதான். விடிய விடிய நடக்கும் இந்தக் கச்சேரி. ரெண்டு பேருக்க ரிப்போர்ட்டயும் காலம்பற எடுத்துப் பாரு: "என் வேலைய ஒழுங்காச் செய்தேன்"னு ரெண்டுலயும் இருக்கும். ரெண்டும் உண்மையாக்கும். யானையப் பாக்காத பேரப்பிள்ளைக்கு எந்த ரிப்போர்ட்டிலயும் இடம் இல்ல.

இன்னொரு கூத்து கேளு. ராத்திரி பதினொண்ணு ஆனா கரண்டு மிச்சக்காரன் கூடுதல் அலைவரிசை செல்ல உறங்க வைப்பான். அடியில ஊரு முழுக்க எட்டுத ஒரு அலைவரிசை முழிச்சிருக்கும், அது போதும். நியாயந்தான். ஆனா செத்த டவரத் தேடுதவன் வந்து பாத்தா, ஒரு செல்லு மூச்சுப் பேச்சில்லாமக் கிடக்குது! அவன் உடனே அக்கம்பக்கத்து டவருக்கெல்லாம் பவரு கூட்டி, ஆன்டெனாவ நிமித்தி, ஊரையே எழுப்புதான். ஒரு செல்லு உறங்கி மிச்சம் பிடிச்சத நாலு செல்லு முழிச்சுச் செலவாக்குது. இதுக்குச் சட்டம் எழுதினவன் அண்ணைக்கே மருந்தும் வச்சிருக்கான். உறங்கப் போறதுக்கு முன்னே பக்கத்து டவருக்கு "நான் படுக்கேன்"னு ஒரு செய்தி அனுப்பணும். பாரம் கூடினா பக்கத்துக்காரன் "எழும்பு"ன்னு திருப்பி அனுப்பலாம். ஒன்பதாம் வெளியீட்டு காலத்து ஏற்பாடு. ஆனா இது டவருக்கும் டவருக்கும் உள்ள பேச்சு. உனக்க ஆபீசில, கரண்டுக்காரனுக்க சாப்ட்வேர் ஒரு கம்பனி, செத்த டவரு தேடுதவன் இன்னொரு கம்பனின்னா, அந்தச் சேதி நடுவழியில யாரு மேசையிலயோ உறங்கும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு விசேசமும் இருக்கு. இதச் சுவீடன்ல இருக்கவன் எழுதின புத்தகத்தில தேடாத, கிடைக்காது. டிசம்பரு சனவரியில நம்ம ரப்பரு முழுசா இலை கொட்டும். தோட்டத்துக்குள்ள நின்னா மானம் தெரியும். அப்போ சிக்னலு தோட்டத்தத் தாண்டி எங்கெங்கயோ போவும். ஆன்டெனா சாய்க்குதவன் அதப் பாத்து, "சத்தம் அதிகமா அடுத்தவன் வீட்டுக்குள்ள போவுது"ன்னு ஆன்டெனாவத் தாழ்த்துவான். பிப்ரவரி மார்ச்சில தளிரு வரும். நல்ல ஈர இலை, அடர்ந்து நிக்கும். 5ஜிக்க 3.5 கிகாஹெர்ட்சு அலைக்கு இந்த இலை தாண்டத் தெம்பு கிடையாது. 700 மெகாஹெர்ட்சு தாண்டும், அது நம்ம ஆளு மாதிரி குனிஞ்சு போவத் தெரிஞ்சது. அப்போ சாய்க்குதவன் திரும்ப நிமித்தணும். அவன் நாள்கணக்கா கணக்குச் சேத்துத்தான் அசைவான். அதுக்குள்ள கைமாத்தக்காரன், "ஏன் இப்படி அறுந்து போவுது"ன்னு நம்பரெல்லாம் மாத்தி வச்சிருப்பான். சாய்க்குதவன் நிமித்தின உடனே கைமாத்தக்காரன் மாத்தி வச்சது அத்தனையும் தப்பாப் போவும். இலை விட்டது மரம். பழி ரெண்டு சாப்ட்வேருக்கு.

இதுக்கு நான் கண்ட ஒத்த வழிய நீ கால்வாயில போய்ப் படிக்கணும். நெய்யாறு அணையில இருந்து இடதுகரைக் கால்வாய் வரும்லா. மடைக்கு மடை சட்டரு. சட்டருக்கு ஒரு லஸ்கரு. எனக்க சின்ன வயசில தண்ணி மேல ஏறினா மேல் மடைக்காரன் சட்டரத் தூக்குவான், கீழ வயலு காயுதுன்னு கீழ் மடைக்காரன் தூக்குவான், நடுவில ஒருத்தன் உடைப்பு வருமோன்னு இறக்குவான். மூணு பேரும் கள்ளனுக இல்ல, மூணு பேருக்கும் அவனவன் மடையடி மட்டுந்தான் கண்ணில தெரியும். ஓவர்சியரு சைக்கிள்ள வருவாரு. அவரு சட்டரத் தொடமாட்டாரு. "நீ தூக்கினதுக்குத் தண்ணி கீழ எட்ட எத்தன நேரம் ஆவும்? ரெண்டு மணிக்கூறு. அதுவரைக்கும் அவன் கைய வைக்கப்படாது"ன்னு முறை சொல்லிட்டுப் போவாரு. அவ்வளவு தான். உனக்க டவருக்கு வேண்டியதும் அந்தச் சைக்கிள்காரனாக்கும்.

உங்க ஆளுகளுக்கும் இது தெரியாம இல்ல. ஐரோப்பாவில 2008ல தொடங்கி 2010 வரைக்கும் ஒரு கூட்டு ஆராய்ச்சி நடந்துது, பேரு சாக்ரடீஸ். கேள்வி கேட்டே விசம் குடிச்ச கிழவனுக்க பேர வச்சதில எனக்குச் சந்தோசம். தானியங்கி வேலைக எப்படி ஒண்ணோடொண்ணு முட்டும், யாரு நடுவில நிக்கணும்னுதான் அதுல பெரிய பாகம். முதலாளிக்க ஆசையக் கட்டளையா எழுதித்தர ஒருத்தன், முட்டுதத ஒத்துப்போகச் செய்ய ஒருத்தன், நெட்வொர்க்கு கெட்டுப்போகுதான்னு காவல் நிக்க ஒருத்தன், என்ன நடக்குதுன்னு உளவு பாத்துச் சொல்ல ஒருத்தன்னு ஓவர்சியரு வேலைய நாலாப் பிரிச்சாங்க. பின்னால 2012ல இருந்து 2015 வரைக்கும் செமாஃபோர்னு இன்னொரு கூட்டம் அதத் தொட்டு மேல போச்சு. 3ஜிபிபியும் பதினொண்ணாம் வெளியீட்டில ஒருங்கிணைப்புக்குன்னு தனி ஏற்பாடு எழுதி வச்சுது. புத்தகத்தில எல்லாம் உண்டு. 2013ல சிஸ்கோ இதே தானியங்கி வேலை பண்ணுத இன்டூசெல்னு ஒரு இசுரவேல் கம்பனிய ஏறக்குறைய 475 மில்லியன் டாலரு கொடுத்து வாங்கினான். பணத்துக்கும் குறைவில்ல. வாங்கினவன் எல்லாம் நாலு லஸ்கர வாங்கினான், ஓவர்சியருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் யோசிச்சான். இது நான் சொல்லுத வார்த்தை, சிஸ்கோவச் சொல்லல, பொதுவாட்டு.

சரி, உனக்கு நாலு புத்தி சொல்லுதேன், காசு வேண்டாம்.

முதல்ல, எந்த வேலைக்காரன் வந்தாலும் ரெண்டு கேள்வி கேளு. நீ இந்த நம்பர மாத்தினா எந்தெந்த டவரு வரைக்கும் அது தெறிக்கும்? எத்தன நேரத்துக்குத் தெறிக்கும்? பதில் சொல்லத் தெரியாதவன உள்ள விடாத. சலுகை நம்பர மாத்தினா ரெண்டு டவருக்கு இடையில மட்டும் தெறிக்கும், சில நிமிசத்தில தெரியும். ஆன்டெனாவச் சாய்ச்சா சுத்தி இருக்க அத்தன டவருக்கும் தெறிக்கும், கணக்குச் சேர நாளு பிடிக்கும். இந்த ரெண்டையும் எழுதி வச்சுட்டா பாதி சண்டை முடிஞ்சுது. சாய்க்குதவன் கை வச்ச இடத்தில, அவனுக்க தெறிப்பு அடங்குத வரைக்கும், கைமாத்தக்காரன் கணக்குச் சேக்கலாம், நம்பர மாத்தப்படாது. அந்தப் பழைய கணக்கக் கழிச்சுட்டுப் புதுசா எண்ணச் சொல்லணும். இதத்தான் உங்க ஆளுக பாதிக்குப் பாதி மறக்கது. சாய்க்குததுக்கு முன்னே சேத்த எண்ணிக்கைய வச்சு, சாய்ச்ச பிறகு தீர்ப்பு எழுதுவான்.

அடுத்தது, ரெண்டு பேரு ஒரே திருகில வந்து நிக்கும்போது யாருக்கு முதல் மரியாதைன்னு நீ முன்னேயே சொல்லியிருக்கணும். இது சாப்ட்வேருக்க வேலை இல்ல, முதலாளிக்க வேலை. அறுந்து போவாத பேச்சு பெரிசா, வேகமா? திருவிழா ராத்திரியில எது, மழைக்காலத்தில எது? ஓகி புயல் வந்துதே 2017 நவம்பர் கடைசியில, அப்படிப்பட்ட நாளில கரண்டு மிச்சம் பாக்குதவன ஒரு மூலையில இருத்திடணும். அண்ணைக்கு யாருக்கும் கரண்டு பில்லு கவலை கிடையாது, கடலுக்குப் போனவன் எங்கன்னுதான் கவலை. இத எந்தக் கணக்கும் தன்னால கண்டுபிடிக்காது. ஒரு மனுசன் வாயத் தொறந்து சொல்லணும். நீங்க மீட்டிங்கு வச்சு மீட்டிங்கு வச்சு அதத்தான் சொல்லாமத் தப்பிச்சுக்கிட்டு இருக்கிய.

பின்னெ, மாத்தினதத் திருப்பி வைக்கப் படிச்சுக்கோ. பழைய நம்பர எழுதி வச்சுட்டு மாத்து. கெட்டுப்போச்சுன்னா காவல்காரன் யாருகிட்டயும் கேக்காம பழையபடி வச்சிடணும். ஒரே திருகு ஒரு நாளில மேலயும் கீழயும் திரும்பத் திரும்பப் போச்சுன்னா, அங்க ரெண்டு பேரு பிடிவலி பிடிக்கான்னு அர்த்தம். அதப் பூட்டிப் போட்டு ஒரு மனுசனக் கூப்பிடணும். இதுக்குப் பெரிய செயற்கை அறிவெல்லாம் வேண்டாம், எண்ணத் தெரிஞ்சா போதும்.

நாலாவது புத்தி இப்போ வேண்டாம், பொறு.

புதுசா ஒண்ணு தொடங்கியிருக்கியளே, ஓ-ரான். 2018ல ஏடி அண்டு டி, சைனா மொபைல், டாய்ச்சு டெலிகாம், டொகோமோ, ஆரஞ்சு எல்லாம் சேந்து ஆரம்பிச்சது. நம்ம ஏர்டெல்லும் ஜியோவும் அதுல உண்டு. டவருக்குள்ள எவனும் எட்டிப் பாக்க முடியாத பூட்டுப் பெட்டிய உடைச்சு, யாரு எழுதின ஆப்பும் வந்து ஏறலாம்னு ஆக்கியாச்சு. மெதுவான வேலைக்கு ஒரு கன்ட்ரோலரு, ஒரு செகண்டுக்கு மேல யோசிக்குதவன். வேகமான வேலைக்கு இன்னொண்ணு, 10 மில்லி செகண்டுல இருந்து ஒரு செகண்டுக்குள்ள தீர்ப்பு சொல்லுதவன். நல்ல ஏற்பாடு, ஒரே கம்பனிக்கு அடிமையாக் கிடக்க வேண்டாம். ஆனா முன்னே லஸ்கரு நாலு பேரும் ஒரே காண்டிராக்டருக்க ஆளு. இப்போ நாலு காண்டிராக்டருக்க ஆளு. அவனுகளே சண்டைய மூணு வகையாப் பிரிச்சு வச்சிருக்கான். ஒரே திருகில ரெண்டு பேரு கை வைக்கது நேர்ச் சண்டை. வேற வேற திருகு, ஆனா ஒரே காரியத்தில போய் முட்டுதது சுத்துச் சண்டை. ஒருத்தன் தன் லாபத்துக்கு ஏதோ செய்ய, யாரும் எண்ணிப் பாக்காத மூலையில இன்னொருத்தனுக்குக் கேடு வாறது மறைச் சண்டை. முதல் சண்டைய முன்கூட்டியே தடுக்கலாம். ரெண்டாவத நடந்த பிறகு கண்டுபிடிக்கலாம். மூணாவதத் தேடிக் கண்டுபிடிக்குததுக்கு உனக்குத் தலை நரைக்கும். நரைக்கட்டும், எனக்கு மட்டும் நரைச்சா போதுமா?

இனி அந்த நாலாவது புத்தி. நம்ம எல்லைக் கதையாக்கும்.

1956 நவம்பர் 1ல கோடு போட்டான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுக்கும் அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்னுது. எனக்க சித்தி வீடு அங்க, நம்ம வீடு இங்க. கோடு கல்யாணத்தையும் சாவையும் தடுக்கல. அலைக்கும் கோடு தெரியாது. ஆனா டெலிகாம் உரிமத்துக்குக் கோடு நல்லாட்டுத் தெரியும். நாட்ட 22 வட்டமா வெட்டி, அலைவரிசைய வட்டம் வட்டமாத்தான் ஏலம் விடுதான். கேரள வட்டம் களியக்காவிளையோட முடிஞ்சுது, தமிழ்நாட்டு வட்டம் அங்க தொடங்குது. ஒரே கம்பனிக்கும் இங்க ஒரு வட்டத்து ஆபீசு, அங்க இன்னொரு வட்டத்து ஆபீசு. மேல் பறம்பில நல்லமிளகு பறிச்சா தமிழ்நாட்டுக்கு நல்வரவுன்னு ஒரு மெசேசு. சாய குடிக்கக் கீழ எறங்கினா கேரளத்துக்கு நல்வரவுன்னு இன்னொண்ணு. ரோமிங்குக்குக் காசு வாங்கின காலத்தில இந்த நல்வரவுக்கு எனக்க பாக்கெட்டுல இருந்து போவும். இப்போ காசு போவல. கால் மட்டும் இடையில அறுந்து போவும்.

இங்க உனக்க பங்கு வைக்குதவன் என்ன செய்வான் சொல்லு? கேரள டவரு நிறைஞ்சா, பக்கத்தில இருக்க வெறும் டவரு தமிழ்நாட்டு வட்டத்தில நிக்கும். அது அவனுக்க லிஸ்டில இருக்காது. இருந்தாலும் அதுக்க ஓவர்சியரு வேற. இவன் ஆன்டெனா நிமித்தினா அங்க கரைச்சல், அவன் பவரு கூட்டினா இங்க கரைச்சல். ரெண்டு ஆபீசிலயும் "எங்க வட்டத்தில எல்லாம் பச்சை"ன்னு ஸ்கிரீனு காட்டும். எனக்க போன அவனுவ கையில கொடுத்தா தெரியும் பச்சை எங்கன்னு. கால்வாயில என்ன நடந்துதுன்னு பாத்தியா? 2004ல விளவங்கோட்டுக்குப் போன தண்ணிய நிறுத்திச்சு கேரளம், தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ரெண்டு மாநிலத்துக்கும் சேத்து ஒரு ஓவர்சியரு இல்லாம நம்ம கண்ணு முன்னே நடந்த காரியம் அது. தண்ணிக்கு ரெண்டு சர்க்காரு, ரெண்டு சட்டம், ரெண்டு கட்சின்னு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரே கம்பனிக்க ரெண்டு வட்டத்துக்கு என்ன காரணம் சொல்லுவிய?

அதனால நாலாவது புத்தி இதாக்கும்: தெறிப்பு எதுவரைக்கும்னு கணக்கு எழுதும்போது வட்டத்துக் கோட்டில நிறுத்தாத. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்க டவருக எல்லாத்தையும் ஒரே ஓவர்சியருக்க கீழ வை. அவன் திருவனந்தபுரத்தில இருக்கானா சென்னையில இருக்கானாங்கது உங்க சம்பளக் கணக்கு. எல்லையோரத்து டவர மட்டும் யாரு மாத்தினாலும் மத்தவனுக்கு முன்கூட்டி சேதி போவணும். இதுக்குப் புது அலைவரிசை வேண்டாம், புது டவரு வேண்டாம், ரெண்டு ஆபீசரு ஒரு மேசையில இருந்து சாய குடிக்கணும். அது கஷ்டம்னு எனக்குத் தெரியும். அலையக் காத்தில அனுப்புதத விடக் கஷ்டம்.

உங்க கூட்டத்தில இப்போ டிஎம் ஃபோரம் சொன்ன படிக்கட்டு ஒண்ணு ஓடுது, 0ல இருந்து 5 வரைக்கும். பூச்சியத்தில எல்லாம் கையால, அஞ்சில எல்லாம் தானா. எல்லாக் கம்பனியும் நாலாம் படியில கால் வச்சாச்சு, வைக்கப் போறோம்னு மேடைக்கு மேடை சொல்லுதான். வைக்கட்டும். ஒவ்வொரு வேலைக்காரனா எண்ணிப் பாத்தா நாலாம் படி மாதிரித்தான் தெரியும். நாலு பேரையும் ஒரே திருகில விட்டுப் பாக்கும்போதுதான் எந்தப் படின்னு தெரியும். என்னக் கேட்டா ரெண்டரை. அந்த அரை உனக்க முகத்துக்காகப் போட்டது.

நாலாம் படிக்குப் போஸ்டர் அடிக்கதுக்கு முன்னே ஒரு காரியம் செய். ஒரு சந்தை நாளு பாத்து பனச்சமூட்டுக்கு வா. அங்க நின்னு உனக்க அம்மைக்குப் போன் போட்டு, பேசிக்கிட்டே அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குள்ள நட. வீடியோ வேண்டாம், வெறும் பேச்சு போதும். அறுந்து போவாம நீ நடந்து முடிச்சா, சாயக் காசு நான் தாறேன். அறுந்து போச்சுன்னா, நீ எனக்குச் சாய வாங்கித் தரணும், கூட ஒரு பழம்பொரியும்.